இன்னும் பத்தொன்பது பக்கம்

என் வீட்டுக்காரர் திருநாராயணன் பேசுவது தமிழ். காலையில் பூஜையில் சேவிப்பதும் தமிழ்ப் பாசுரம்தான். ஆனால் தமிழில் ஓர் எழுத்துப் படிக்க வராது. மேல்கோட்டையிலும் மைசூரிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் எங்கள் ஐயங்கார்களில் நிறையப் பேர் இப்படித்தான். பாசுரப் புத்தகத்தைக்கூடக் கன்னட எழுத்தில் அச்சிட்டு வைத்துக்கொண்டு கடகடவென்று தமிழ் சொல்வார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. வாய்விட்டுச் சிரித்தேன். ஸ்ரீவைகுண்டத்துத் திமிர் என்று நாத்தனார் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மைசூர் விஜயநகரில் வீடு கட்டிக் குடிவந்தபோது, நகை கேட்கவில்லை, கூடத்தில் சுவர் முழுக்க ஒரு ஷெல்ப் கேட்டு வாங்கினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம். எல்லாம் தமிழ். மெட்ராஸ் பதிப்பகங்களுக்குக் கார்டு போட்டு வி.பி.பி.யில் வரவழைத்தவை. பார்சலைப் பிரித்ததும் படிக்க உட்கார மாட்டேன். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வழவழப்பான வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அட்டை போடுவேன். முதுகில் கறுப்பு மசியால் பெயரும் நம்பரும் எழுதுவேன். அது காய்ந்த பிறகுதான் முதல் பக்கம். இரவல் கிடையாது. கேட்டவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அதனால் எனக்குச் சிநேகிதிகள் கொஞ்சம் குறைவு.

வீட்டில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மகள் ஸ்மிதா மங்களூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஜாங்கிரி பிழிந்த மாதிரி தெரியுமாம்.

நான் வேலை பார்த்த பாங்கில் சனிக்கிழமை அரை நாள். இரண்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, பிரம்பு நாற்காலியை வெயில் விழும் இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பிறகு யார் கூப்பிட்டாலும் காது கேட்காது. மைசூரின் டிசம்பர் வெயிலுக்கு ஈடு கிடையாது. சுடாது, ஆனால் எலும்பு வரைக்கும் போகும். அது நகர நகர நாற்காலியையும் நகர்த்துவேன். ஐந்து மணிக்குள் மூன்று இடம் மாறியிருக்கும். காலில் ஸாக்ஸ், தோளில் சால்வை, எட்டுகிற தூரத்தில் ஒரு கிண்ணம் வறுத்த கடலை. கடலை எடுப்பது இடது கை, பக்கம் திருப்புவது வலது கை. மாற்றிவிட்டால் பக்கத்தில் உப்புக் கறை. அவரைக்காய் சீசனில்கூடக் கொட்டை உரிக்கிற வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவேன், அதன் பிசுக்கு விரலை விட்டு லேசில் போகாது. வாரம் முழுக்கக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் அவசரத்துக்கு ஓடியவளுக்கு இந்த அரை நாள்தான் சொத்து. சுயநலக்காரி என்று அவர் சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

அஞ்சலை எங்கள் வீட்டைப் பெருக்கிப் பாத்திரம் தேய்க்கிறவள். கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கத்து ஊர். பிறந்தது, வளர்ந்தது, வாக்குப் போட்டது எல்லாம் கர்நாடகத்தில்தான். பேச்சு மட்டும் கொங்குத் தமிழ். புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். இரண்டு பெண்கள், ராணிக்குப் பதின்மூன்று, வடிவுக்கு ஒன்பது. எங்கள் லேஅவுட்டுக்கு வெளியே, கட்டட வேலைக்கு வந்த சேலம், தர்மபுரிக்காரர்கள் வரிசையாகக் குடிசை போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் இருந்தாள். என் புத்தகங்களைத் தூசி தட்டுவதும் அவள்தான். படிக்கத் தெரியாது, ஆனால் ஒன்றைக்கூட இடம் மாற்றி வைக்கமாட்டாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் டிசம்பரில் காவிரி விவகாரம் வெடித்தது. நடுவர் மன்றத்தின் உத்தரவு கெஜட்டில் வந்த வாரம். பெங்களூரில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்று முதலில் சேதி வந்தது. பிறகு மைசூரிலும் என்றார்கள். வெள்ளிக்கிழமை பந்த். பாங்க் கிடையாது, பஸ் கிடையாது. எங்கள் தெருவில் ஒரு கல்கூட விழவில்லை. பென்ஷன்காரர்கள் வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தார்கள். திருநாராயணன் மட்டும் காலையிலிருந்து ஜன்னலுக்கும் ஷெல்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஸரஸா, ரோட்லேர்ந்து பார்த்தா ஷெல்ப் அப்படியே தெரியறது. அத்தனையும் தமிழ் எழுத்து. சும்மனே எதுக்கு வம்பு?" என்றார்.

ரோட்டில் நின்று அதைப் படிக்கக் கழுகுக் கண் வேண்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டில் பேசுவதே தமிழ்தானே, வாயை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். நம் தமிழை யாரும் தமிழ் என்று நினைக்கமாட்டார்களாம். நாம் மைசூர்க்காரர்களாம். எழுத்துதான் காட்டிக்கொடுக்குமாம். ஹண்டே என்று இங்கே சொல்கிற வெந்நீர் அண்டாவுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துவிட்டால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றார். என் புத்தகத்தை எரித்து வெந்நீர் போட்டுக் குளிக்கப் பார்க்கிறார்.

அன்றைக்கு நான் பேசிய பேச்சை அவர் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் பொறுத்திருக்கமாட்டார்கள். கோழை என்றேன். பயந்தாங்கொள்ளி என்றேன். பாசுரத்தை மட்டும் எதற்கு விட்டுவைக்கிறீர்கள், அதையும் கொளுத்துங்கள் என்றேன். மத்தியானம் வரை சண்டை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கொல்லையில் விறகு அறை இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. விறகோடு சேர்த்து வைத்தால் கரையான் ஏறும் என்று, இரண்டு பேருமாக விறகு முழுவதையும் வெளியே எடுத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தகரத்துக்கு அடியில் போட்டோம். அறையைக் கழுவித் துடைத்துப் பலகை போட்டுப் புத்தகங்களை ஒரு சுவர் ஓரமாக அடுக்கினேன். நம்பர் பிசகாமல் அடுக்கினேன், அந்த அவசரத்திலும். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். எல்லாம் அடங்கும்வரை அந்தப் பக்கம் ஒருவரையும் விடக்கூடாது என்று அவர் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுநாள் சனிக்கிழமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படி ஒரு சனிக்கிழமை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கலவரத்தால் பாங்க் அன்றைக்கும் திறக்கவில்லை, முழு நாளும் லீவு. விருந்தாளி வரமாட்டார்கள். கடைக்குப் போக வழியில்லாததால் சமையல் ஒரு ரசத்தோடு முடிந்தது. பத்து மணிக்கே கொல்லைக்குப் போய் விறகு அறையைத் திறந்து, கதவை ஒருக்களித்து வைத்து, உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயில் சரியாகப் புத்தகத்தின்மேல் விழுந்தது. அது நகர்ந்தால் முக்காலியும் நகர்ந்தது. சுற்றிலும் என் புத்தகங்கள், சால்வை, கடலைக் கிண்ணம். தூரத்தில் எங்கோ இரண்டு முறை கூச்சல் கேட்டது. மூன்றாவது முறை கேட்டபோது நான் தலை நிமிரவில்லை.

படித்துக்கொண்டிருந்தது நானூறு பக்கத்துக்கு மேல் உள்ள ஒரு நாவல். கதாநாயகி பிடிக்காத வீட்டை விட்டுக் கிளம்புவாளா மாட்டாளா என்று முந்நூறு பக்கமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நாலு மணிக்கு இன்னும் பத்தொன்பது பக்கம் இருந்தது. அப்போது கொல்லைக் கதவின் கொக்கியை யாரோ எடுத்தார்கள்.

புத்தகத்தில் ஒரு விரலை வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்தேன். அறைக் கதவை இழுத்துச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றேன். கையையும் புத்தகத்தையும் சால்வை மறைத்தது. வந்தவள் அஞ்சலை. கூடவே ராணியும் வடிவும். ராணியின் தலையில் ஒரு துணி மூட்டை. வடிவு இரண்டு கையாலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூவரும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள், கிட்டே வரவில்லை.

முந்தைய நாள் ராத்திரி குடிசைப் பக்கம் ஆட்கள் வந்து இரண்டு குடிசையைக் கொளுத்திவிட்டார்களாம். இவளுடைய குடிசைக் கதவை உடைத்துப் பாத்திரங்களை எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்றைக்கும் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் நடந்தே கிளம்பிவிட்டார்கள். கொள்ளேகால் பஸ் ஓடினால் இவளும் ஊருக்குப் போய்விடுவாள், பஸ் இல்லை. இத்தனையையும் பாத்திரப் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"ரண்டு ராத்திரிக்கு மட்டும் இந்த வெறகு ரூமக் குடுங்கம்மா. ஓரமாப் படுத்துக்கறமுங்க. புள்ளைங்க சத்தம் போடமாட்டாங்க."

வீட்டுக்குள் இடம் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் வந்து படுங்கள் என்று எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஐந்து வருஷமாக அந்தக் கூடத்தைத் தினமும் பெருக்கினாள், ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. நானும் உட்காரச் சொன்னதில்லை. ஊர் உலகத்துக் கதாநாயகிகளுக்கெல்லாம் அழுகிறவள் நான்.

என் மனசில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று பேர் தங்கினால் தெருவில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள், பார்த்தால் புத்தகம் தெரிந்துவிடும். காகிதத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைப்பார்கள். சின்னவள் எதையாவது கொட்டிவிடுவாள். இவ்வளவும் ஒரு நொடியில் யோசித்தேன். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. பத்தொன்பது பக்கம் மிச்சம் இருக்கும்போதா வர வேண்டும் என்ற எரிச்சல். என் விரல் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வரவில்லை.

"உள்ளே முழுக்க விறகு அடுக்கியிருக்கு அஞ்சலை. ஒருத்தர் படுக்கக்கூட எடம் இல்லே. தேள் வேற இருக்கு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள்.

"செரிங்கம்மா," என்றாள்.

வடிவின் கையிலிருந்த ஸ்டவ்வைத் தான் வாங்கிக்கொண்டாள். போகும்போது கொல்லைக் கதவைச் சாத்தி, கொக்கியை ஞாபகமாக மாட்டிவிட்டுப் போனாள். நான் உள்ளே போய் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்து முடித்தேன். கதாநாயகி கிளம்பிவிட்டாள். முடிவு நன்றாகவே இருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் அவரிடம் சொன்னேன். நீங்கள் சொன்னபடி அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை என்று, பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஸரஸா. நான் பயந்தது அந்த எழுத்துக்கு. மூணு பொம்மனாட்டி ஒரு மூலையிலே இருந்துட்டுப் போனா யார் என்ன சொல்லப்போறா? புஸ்தகத்தை ஹண்டேக்கு அடியிலே போட்டுட்டு அவாளுக்கு எடம் கொடுத்திருக்கலாம்."

இரண்டு நாளாக அவரைக் கோழை என்று வாய் ஓயாமல் திட்டியிருந்தேன். அந்தக் கோழை இடம் கொடுத்திருப்பார். எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. அப்படியானால் இப்போதே போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கத்தினேன். சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரை போனார். தெரு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றார். எங்கே போய்த் தேடுவது, நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பி வந்தார். நானும் சரி என்றேன். மறுநாள் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைக்காய் உரித்தேன். மத்தியானம் விறகு அறைக்குப் போய் அடுத்த புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்தை நாலு தடவை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை. ஐந்தாவது தடவை ஏறிவிட்டது. பிறகு சாயங்காலம் வரைக்கும் தடங்கல் இல்லை.

திங்கட்கிழமை மார்கழி பிறந்தது. பாங்க் திறந்தது. விடியற்காலையில் அவர் கன்னட எழுத்தைப் பார்த்துத் தமிழ்ப் பாசுரம் சேவித்தார், முதல் இரண்டு நாள் கொஞ்சம் மெதுவான குரலில். வாரக் கடைசிக்குள் குரல் பழையபடி தெருவுக்குக் கேட்டது.

அஞ்சலை புதன்கிழமை வேலைக்கு வந்தாள். எங்கே இருந்தாய் என்று நான் கேட்டதால்தான் சொன்னாள். நாலாவது கிராஸில் பாதியில் நிற்கும் ஒரு வீட்டில் மூன்று ராத்திரி. தூணும் தளமும் ஆகியிருந்ததாம், சுவர் எழும்பவில்லை. வாட்ச்மேன் நஞ்சுண்டசாமி அவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, பிறகு கீழே விரித்துக்கொள்ள சிமெண்டுச் சாக்குக் கொடுத்தானாம். இரண்டாம் நாள் தன் கம்பளியை வடிவுக்குக் கொடுத்துவிட்டு அவன் சுள்ளி கொளுத்திக் குளிர் காய்ந்தபடி உட்கார்ந்திருந்தானாம். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. வடிவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் விசில் மாதிரி கேட்கிறது என்றாள். மாத்திரை கொடுத்தேன். ஸ்மிதாவின் பழைய ஸ்வெட்டர் ஒன்றும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என் மனசு லேசாகிவிட்டது. அவ்வளவு மலிவில் லேசாகிற மனசு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இனிமேல் பயமில்லை, புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துக்கொள் என்று அவர் சொன்னார். முந்நூற்றுப் பன்னிரண்டையும் நான் ஒருத்தி தூக்க முடியாது. அவருக்கு முதுகு வலி. அஞ்சலை கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறையைத் திறந்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. என்ன சொல்லி அவளை அனுப்பினேன் என்பதே அந்த நிமிஷம் எனக்கு நினைவில் இல்லை. எது எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும், அவள் வைத்தால் ஒழுங்காக இருக்கும், அவ்வளவுதான் என் யோசனை.

அவள் கதவு நிலையில் நின்று உள்ளே பார்த்தாள். ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள், புத்தகத்தில் ஈரம் படக்கூடாது என்று நான் எப்போதோ சொன்னதற்காக. பிறகு எடுக்க ஆரம்பித்தாள். ஒரு நடைக்குப் பத்துப் பன்னிரண்டு. நானும் கூட எடுத்தேன். நாலைந்து நடை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அடுக்குகள் குறைந்து தரை தெரியத் தொடங்கியிருந்தது. கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை. ஒரு சுள்ளிகூட இல்லை. அதற்குப் பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு நடைக்கும் தரை அகலமாகிக்கொண்டே போனது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அன்னிக்கு உள்ளே விறகு இருந்தது அஞ்சலை. அப்புறமாத்தான் எடுத்து வெளியே போட்டோம்," என்றேன்.

அவள் கையில் கடைசி அடுக்கு இருந்தது. சரியாமல் இருக்க மேல் புத்தகத்தை மோவாயால் அழுத்திப் பிடித்திருந்தாள். அப்படியே நின்று சொன்னாள்.

"இல்லீங்கம்மா. அன்னிக்கே வெறகு வெளியதானுங்க கெடந்துது. அதும்பக்கத்துலதான நாங்க நின்னோம்."

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தப்பாகச் சொன்ன ஒரு தேதியைத் திருத்துகிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனாள். புத்தகங்களை அதனதன் இடத்தில் வைத்தாள். திரும்பி வந்து மிச்சப் பாத்திரங்களைத் தேய்த்தாள். நான் சொன்னது பொய் என்று கண்ணால் பார்த்துத்தான் அன்றைக்குச் செரிங்கம்மா என்று சொல்லியிருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் மறுபடி வேலைக்கும் வந்திருக்கிறாள். வேறு வழி இல்லாததால் வந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள அவள் எனக்கு ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

அவள் போன பிறகு, வெளியே கிடந்த விறகை நான் உள்ளே கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தேன். அவர் வந்து, இப்போது இதற்கு என்ன அவசரம், நாளைக்கு அஞ்சலையிடம் சொன்னால் செய்யமாட்டாளா என்று கேட்டார். சவுக்குக் கட்டைகள், உள்ளங்கையில் சிலாம்பு ஏறியது. முன்பெல்லாம் ஒரு மூலையில் உயரமாக அடுக்கியிருப்போம். நான் உயரமாக அடுக்கவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், தரையில் ஒரு சாண் விடாமல் பரப்பினேன். இருட்டுவதற்குள் அந்த அறையில் ஒருத்தர் படுக்கக்கூட இடம் இல்லாமல் செய்துவிட்டேன்.